புதுக் கம்ப்யூட்டரும் தம்பியின் நம்பரும்

என் தம்பி வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கியவன் என் தம்பி மாதிரியே இல்லை. பெயர் சரியாகத்தான் எழுதியிருந்தது. தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகளும் சரி. முகம்தான் ஆடு திருடி அகப்பட்டவன் முகம். அவன் போன அன்று அவசரத்துக்கு வேறு படம் கிடைக்காமல், ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். துக்கம் கேட்க வந்தவர்கள் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "என்னாங்க, ஆளு இப்டியா இருந்தாரு?" என்று என்னைத்தான் கேட்டார்கள். நான்தான் ஏதோ அவன் முகத்தைக் கெடுத்துவிட்ட மாதிரி.

இதில் கொடுமை என்னவென்றால், அவன் பாலக்கோட்டில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன். செத்தவர்களின் ஆதார் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி அவனிடம் அடிக்கடி ஆள் வரும். "வூட்ல பெரியவங்க இருந்தா சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ இப்பவே எடுத்து வெச்சிக்கங்க. இதப் பாத்துக்கிட்டு எப்டிங்க சாமி கும்புடுவீங்க?" என்று ஒவ்வொருவருக்கும் உபதேசம் செய்வான். நாற்பத்தெட்டு வயதில் மாரடைப்பு வரும் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கட்டாயம் ஒரு படம் எடுத்து, லேமினேஷனும் போட்டு வைத்திருப்பான்.

சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் படம் எடுப்பவன் அவன்தான். அதனாலேயே எந்தப் படத்திலும் அவன் இல்லை. தேடித் தேடி ஒரு கல்யாண வீடியோவில் கண்டுபிடித்தோம்: பந்தியில் ரசத்துக்குக் குனிந்த தலையின் உச்சி. அவனுடைய கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. அவன் போனுக்குள் எத்தனையோ இருக்கலாம். ஆனால் அது விரலால் கோடு இழுத்துத் திறக்கிற பூட்டு. என்ன கோடு என்பது அவன் விரலோடு போய்விட்டது. கடையில் கேட்டதற்கு, திறந்து தருகிறோம், ஆனால் உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது என்றார்கள். குழந்தை குட்டியும் இல்லை. ஆக, பத்தொன்பது வருடம் அவனோடு வாழ்ந்த தம்பி மனைவிக்கு விளக்கேற்றிக் கும்பிடக் கிடைத்தது அந்த ஆடு திருடன்தான்.

கருமாதி அன்று எல்லோர் முன்னாலும் நான் வாயைக் கொடுத்தேன். "வருசம் திரும்பறதுக்குள்ள நல்ல போட்டோ ஒண்ணு நான் கொண்டாறன்."

எனக்கு அந்தத் தைரியம் வந்ததற்குக் காரணம் இருந்தது. கரையான் வருவதற்கு முன்பே தம்பி அந்த ஆல்பம் முழுவதையும் ஸ்கேன் செய்து என் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டிருந்தான். "கடை மெஷின்ல கண்டவனும் பென் டிரைவ் சொருவுறான்ணா. உன்துதான் பத்திரம்." அதோடு, என் பெயரில் முன்பே ஒரு கணக்குத் திறந்து, என் கம்ப்யூட்டரில் போடுகிற படமெல்லாம் தானாகவே இன்டர்நெட்டில் ஏறிக்கொள்கிற மாதிரி செய்து வைத்திருப்பதாகவும் சொன்னான். "உன் பொட்டி எரிஞ்சே போனாலும் போட்டோ எங்கியும் போவாதுணா."

பொட்டி எரிந்தே போனது. அவன் போன மூன்றாம் மாதம், ஒரு மழையில் இடி இறங்கி. நான் அலட்டிக்கொள்ளவில்லை. உள்ளே எல்லாம் கருகிவிட்டது என்று கடையில் சொன்னதும், பழைய இரும்பு எடுக்கிறவரிடம் அதைக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டு வாங்கிக்கொண்டேன். நல்ல பக்கெட்டு, இன்னும் பாத்ரூமில் இருக்கிறது. தம்பி கடையின் மெஷினை வாங்கிப் போனவரும் அதைத் துடைத்துப் புதிதாக்கிவிட்டார். அப்போதும் நான் அலட்டிக்கொள்ளவில்லை. முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். வண்டி எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும் என்பதில் எனக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு. டிரைவர் வேறு ஆள் என்பதை மட்டும் மறந்துவிடுவேன்.

வருடம் திரும்பப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதுதான் தருமபுரிக்குப் போய்ப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். "ஆள் அனுப்பி மாட்டிக் குடுக்கட்டுங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். ஒன்றும் தெரியாதவனுக்குத்தான் இந்தக் கௌரவமெல்லாம் வரும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்ததும் என் மனைவி நல்ல நேரம் பார்த்தாள். பத்தரைக்கு மேல்தான் தொட வேண்டும் என்றாள். பத்தரை ஆனதும் மஞ்சள் தொட்டு, குங்குமம் வைத்து, முன்னால் ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டு, கற்பூரம் காட்டினாள். நான் ஒயர்களை மாட்டினேன். நான்கு ஒயருக்கு ஆறு ஓட்டை இருந்தது. எப்படியோ மாட்டி, சுவிட்சைப் போட்டு, வாயில் இரண்டு விரலை வைத்து ரைட் விசிலும் கொடுத்தேன். கிளம்பிவிட்டது. வரிசையாக ஏதேதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று அழுத்தினேன். கடைசியில், உங்கள் முகத்தை அடையாளம் வைத்துக்கொள்கிறேன், கேமராவைப் பாருங்கள் என்றது. பார்த்தேன். திரை முழுக்க செக்கச்செவேல் என்று ஒரே இருட்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். முகத்தைத் துடைத்தேன். இந்த முகம் வேண்டாம் என்கிறதோ என்றுகூட நினைத்தேன்.

"அந்த ஓட்டையிலயா குங்குமம் வெச்ச?"

"நடு நெத்தி மாதிரி இருந்துச்சி, வெச்சன்" என்றாள் மனைவி.

தம்பி இருந்திருந்தால் இதை ஒரு மாதம் கடையில் வைத்து ஓட்டியிருப்பான். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டோம். மேஜைக்குப் பக்கத்தில் நான் பாட்டுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டிருந்தேன். அவன் எப்போதும் உட்காருகிற ஸ்டூல். அதை எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் அப்டேட். நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்ற, கீழே சதவீதம் ஏற, அணைக்காதீர்கள் என்று ஒரு எச்சரிக்கை. தம்பி இந்த இடம் வந்தால் எழுந்து டீ குடிக்கப் போவான், வரும்போது முடிந்திருக்கும். அதே முறையில் நானும் டீ குடித்தேன். முப்பதில் ஒன்று, ஐம்பதில் ஒன்று. எழுபத்தொன்றில் மூன்றாவது டீ கேட்டபோது மனைவி முறைத்தாள், கரண்டும் போனது. வந்ததும் மறுபடி முதலில் இருந்து. அன்றைய பொழுது அதிலேயே போனது.

மறுநாள் காலைதான் என் கணக்குக்குள் போகப் பார்த்தேன். பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தது. மறக்கவே கூடாது என்றுதான் நான் முதன்முதலில் ஏறிய பஸ்ஸின் நம்பரை அவன் வைத்திருந்தான். அடித்தேன். ஏற்றுக்கொண்டது. ஆனால் உடனே கதவைத் திறக்கவில்லை. நீங்கள்தானா என்று உறுதி செய்ய, உங்கள் போனுக்கு ஆறு எண்கள் அனுப்பியிருக்கிறோம் என்றது. என் போனைக் கையில் எடுத்துக் காத்திருந்தேன். வரவில்லை. மனைவியின் போனிலும் வரவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம், தம்பி வீட்டுக்குள் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அவன் கடையில் நூறு தடவை கேட்ட சத்தம். சமையலறையில் மனைவி தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டாள். கணக்குத் திறந்தபோது எனக்குத் தொல்லை வேண்டாம் என்று அவன் தன்னுடைய நம்பரைத்தான் கொடுத்திருக்கிறான். தம்பி மனைவி அந்தப் போனைப் படத்துக்குக் கீழே விளக்குப் பலகையில் வைத்து, தினமும் சார்ஜ் போடுகிறாள், நம்பருக்கு ரீசார்ஜும் செய்கிறாள் என்று மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பூட்டிய போன்தான், ஆனால் மெசேஜ் வந்தால் பூட்டின திரை மேலேயே கொஞ்ச நேரம் தெரிந்து மறையும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் தம்பி பெண்டாட்டி புருஷனுடைய அண்ணனிடம் நேராகப் பேசமாட்டாள். மாமனாருக்குக் காட்டுகிற மரியாதை. ஊரில் இப்போது யாரும் இதைப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் யாரும் நிறுத்தச் சொல்லாததால் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்திலேயே நிற்பேன். "அக்கா, மாமாவச் சாப்புடச் சொல்லுங்க" என்று அவள் என் மனைவியிடம் சொல்வாள். "சாப்புட்டன்னு சொல்லு" என்று நான் சுவரிடம் சொல்வேன். தம்பி தலையில் அடித்துக்கொள்வான். "ரெண்டு பேரும் மனுசங்கதான? நடுவுல எதுக்குணா ட்ரான்ஸ்ஃபார்மரு?"

அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் இப்போது ஆறு எண்கள் வர வேண்டும். தம்பி மனைவி உள்ளே போனில் படிக்க வேண்டும். மதிலோரம் வந்து என் மனைவியிடம் சொல்ல வேண்டும். என் மனைவி ஓடி வந்து என்னிடம் சொல்ல வேண்டும். நான் ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தட்ட வேண்டும். அதற்குள் அந்த எண்கள் காலாவதி ஆகிவிடும்.

முதல் தடவை மனைவி மூச்சு வாங்க வந்து நின்றாள். "எட்டு, மூணு, ரெண்டு..."

"அப்பறம்?"

"அப்பறம் அவ அழுதுட்டா. நான் என்னான்னு கேக்கறது?"

இரண்டாம் தடவை துண்டுக் காகிதத்தில் எழுதி வந்தது. அவள் எழுதிய '1' என் மனைவிக்கு ஏழாகத் தெரிந்தது. தவறு என்றது. மூன்றாம் தடவை எண்கள் எல்லாம் சரி, நான் ஐந்தாவது எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது நேரம் முடிந்துவிட்டது. இரண்டு நிறுத்தத்துக்கு நடுவில் ஒரு பஸ் கூட்டத்துக்கே டிக்கெட் கிழித்த விரல்கள் இவை.

திரையில் சிவப்பு எழுத்து வந்தது. இன்னொரு முறை தவறினால் கணக்கு முப்பது நாளுக்குப் பூட்டப்படும். திதிக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

"வுடுங்க. அந்தப் போட்டோவே இருந்துட்டுப் போவுது" என்றாள் மனைவி.

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். சொல்ல ஏதாவது கிண்டல் கிடைக்கும் என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. அப்போது வாசலில் நிழல் விழுந்தது. தம்பி மனைவி போனை இரண்டு கையிலும் பிடித்தபடி நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"மாமா, அனுப்புங்க. நான் படிக்கிறன்."

இருபது வருடத்தில் அவள் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. நான் பட்டனை அழுத்தினேன். அவள் கையில் 'டிங்' என்றது.

"நாலு... ஒம்போது... சைபர்... ரெண்டு... ரெண்டு... அஞ்சு."

"கடசி என்னாமா? எட்டா?"

"அஞ்சுங்க மாமா."

"அஞ்சா."

"அஞ்சுங்க."

எங்கள் முதல் உரையாடல் இவ்வளவுதான். கணக்குத் திறந்தது. திறந்ததும் இன்னொரு கேள்வி: இந்த நம்பர் இன்னும் உங்களுடையதுதானா? அவள் அதற்குள் நாற்காலிக்குப் பின்னால் வந்துவிட்டாள். அவளும் படித்திருப்பாள். ஆம் என்று அழுத்தினேன்.

படங்கள் நடுவில் எங்கிருந்தோ தொடங்கி வரிசையாக வந்தன. ஒகேனக்கல் போனபோது நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்கள் தக்காளித் தோட்டம். கன்று போட்ட மாடு. நான் ஓய்வு பெற்ற அன்று ரோஜா மாலையோடு பஸ் படியில் நின்றது, முன்பக்கமாக, பின்பக்கமாக, விசில் ஊதியபடி. எல்லாம் அவன் எடுத்தவை; எல்லாவற்றிலும் நான். நகர்த்திக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் முடிந்துவிட்டது. மறுபடி கொஞ்சம் மேலே ஏற்றி, மறுபடி கீழே இறக்கினேன். நகர்த்துவது போதவில்லையோ என்று வேகமாகவும் நகர்த்திப் பார்த்தேன்.

"எங்க கல்யாணத்துது எங்கிருக்குதுங்க மாமா?"

கடைசிப் படத்தின் தேதியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவன் ஆல்பத்தை ஸ்கேன் செய்து போட்டதற்கு ஒரு வாரம் முன்னால். அந்தச் சமயத்தில் நான் மத்தியான வேளைகளில் பழைய சினிமாக் காமெடி பார்த்துக்கொண்டிருந்தேன். படம் நடுநடுவே நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. திரையின் மூலையில் ஏதோ ஏறிக்கொண்டிருப்பதாக ஒரு குறி காட்டும். இதுதான் நெட்டைத் தின்கிறது என்று நானே கண்டுபிடித்து, அதற்குள் போய், 'டிக்'கை எடுத்துவிட்டேன். காமெடி நிற்காமல் ஓடியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையும் அடித்துக்கொண்டேன். தம்பி பாவம், டிக் அப்படியே இருக்கும் என்று நம்பிக் கல்யாணத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அது எங்கேயும் ஏறவில்லை. என் பொட்டியிலேயே கிடந்து இடியில் எரிந்து, பக்கெட்டாகிவிட்டது.

"இல்லமா" என்றேன். "நான்தான் அத அணைச்சிட்டன். வீடியோ நின்னு நின்னு வந்துச்சின்னு."

அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவரு சொன்னாருங்களே மாமா, அத அணைக்காதீங்கன்னு" என்றாள். குரல் ஏறவே இல்லை. "வூட்டுக்கு வந்தும் சொல்வாரு. எங்கண்ணன் இருக்கிற எடத்துல எல்லாரும் சிரிச்சிக்கிட்டே இருப்பாங்க, ஆனா ஒண்ணு சொன்னா காதுல வாங்கவே மாட்டாருன்னு."

கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்ததால் நான் படங்களை எதிர்ப்பக்கம் நகர்த்தினேன், ஆரம்பத்தை நோக்கி. எல்லாவற்றுக்கும் முதலாக ஒரு படம் இருந்தது. கணக்குத் திறந்த அன்று, கம்ப்யூட்டர் கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்க அதிலேயே எடுத்துக்கொண்ட படம். திரை முழுக்க என் இளிப்பு. ஓரத்தில் என் தோள் மேல் குனிந்து, என் காதில் கன்னம் உரச, ஏதோ சொல்லிக்கொண்டு வாயைத் திறந்தபடி அவன். பக்கவாட்டு முகம்தான். ஆனால் அவன்தான். ஆடு திருடன் இல்லை.

அவள் என்னைத் தாண்டிக் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் மனைவி பக்கம் திரும்பினாள்.

"தெத்துப்பல்லு தெரியுது பாருங்கக்கா."

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே மறுபடியும் சொன்னாள்: "மாமாவ இத எடுத்துத் தரச் சொல்லுங்கக்கா."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். "தரன்னு சொல்லு" என்றேன் சுவரிடம்.

ஸ்டூடியோக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத்தான் வரும், போஸ்ட் கார்டு அளவுக்கு மேல் முடியாது என்றார். என்னை வெட்டி எடுத்துவிடச் சொன்னேன். கம்ப்யூட்டரில் வெட்டிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். "உங்க காதுதாங்க பிரச்சனை. அத வெட்டுனா அவரு கன்னமும் போயிடும். இருக்கட்டுங்களா?"

இருக்கட்டும் என்றேன்.

திதி அன்று தம்பி மனைவி ஆதார் படத்தை இறக்கி, துணியில் சுற்றிப் பரண் மேல் வைத்தாள். அதே பெரிய ஆணியில் இந்தச் சின்னப் படத்தை மாட்டினாள். சட்டத்தை மறைக்கிற அளவுக்கு மாலை. சந்தனம் தொட்டு அவன் நெற்றியில் வைக்கப் போனாள். படம் சிறியது, கொஞ்சம் என் காதிலும் ஒட்டிக்கொண்டது. சாமி கும்பிட வந்த உறவுக்காரர் ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே போனார்.

"நல்லா இருக்குது. அதென்னா, யாரு காது?"

"என்துதாங்க" என்றேன்.

"அட! உசுரோட இருக்கையிலயே மாலை போட்டுக்கிட்ட ஆளு நீதான்யா" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். கற்பூரத் தட்டோடு நின்ற தம்பி மனைவி சிரிக்கவில்லை.

இப்போதும் அந்த வீட்டுக்குப் போனால் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருகிறேன். என்றாலும் கிளம்பும்போது ஒருமுறை பார்த்துவிடுகிறேன். வாய் திறந்தபடி, என் காதில் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அன்று திரையில் இருந்த அந்த டிக்கை விரலால் காட்டி, இதை மட்டும் எடுத்துவிடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தலையை ஆட்டி, "சர்றா, சர்றா" என்று நான் சொன்னதும்.